ஷோனெஃபெல்ட்: ஒரு ஜில்லாவின் நிலமும் ஜனங்களும்

(ஷோனெஃபெல்டில் தமிழன்பர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஐரோப்பாவில் வாழும் தமிழருள் ஷோனெஃபெல்ட் என்னும் பெயரைக் கேள்விப்படாதவர் அரியர். ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் அறிந்திருப்பது ஒரு விமான நிலையத்தின் பெயரையே அன்றி ஓர் ஊரின் பெயரை அன்று. விமானம் இறங்குகிறது, பெட்டி வருகிறது, ரயில் பெர்லினுக்குப் புறப்படுகிறது. ஓடுபாதைக்கு அப்பால் கோதுமை விளைகிறது என்பதையோ, கோதுமைக்கு அப்பால் ஏழு நூற்றாண்டுகளாக மணி ஒலித்துவரும் கிராமக் கோயில்கள் நிற்கின்றன என்பதையோ கவனிக்க அவகாசம் ஏற்படுவதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், இவ்வூரும், இவ்வூரைத் தன் வடகோடியில் கொண்டு தெற்கே நெடுந்தூரம் பரந்து கிடக்கும் டாமெ-ஸ்ப்ரேவால்ட் ஜில்லாவும் எத்தகைய நிலத்தில் அமைந்தவை, அந்நிலத்தில் மனிதர் எவ்வாறு வந்தனர், எவ்வாறு அருகினர், எவ்வாறு பெருகினர் என்பதாகும். மண்வளமும் நீர்வளமும் ஓரளவுக்குத்தான் இங்கே மக்கள் தொகையை நிர்ணயித்திருக்கின்றன. வேறெங்கோ அமர்ந்து வேறு யாரோ செய்த தீர்மானங்களே பெரும்பாலும் நிர்ணயித்திருக்கின்றன என்பது என் துணிபு.

முதலில் அளவைப் பார்ப்போம். பிராண்டன்பர்க் மாநிலத்தின் பதினான்கு ஜில்லாக்களில் ஒன்றாகிய இதன் விஸ்தீரணம் ஏறத்தாழ 2,270 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை 1,75,000-க்குச் சற்று மேல். தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜனங்கள் மிகக் குறைந்த ஜில்லாவாகிய பெரம்பலூரை இதன் அருகே வைத்து நோக்குங்கள்: அங்கே 1,757 சதுர கிலோமீட்டரில் 5,65,000 பேர் வாழ்ந்தனர். நம் நாட்டில் ஆள் குறைந்த ஜில்லா என்று நாம் கருதுவதிலும் சதுர கிலோமீட்டருக்கு 320 பேர் இருக்க, இங்கே எண்பதை எட்டுவதே அரிதாக இருக்கிறது. அந்த எண்பதும் ஒரு சராசரிதான். வடக்கே கோனிக்ஸ் வுஸ்டர்ஹௌசன் நகரில் மட்டும் சுமார் 38,000 பேர் வசிக்கின்றனர். ஜில்லாவின் தலைநகரமாகிய லூப்பெனில் 14,000 பேர் அளவே. நகரம் என்னும் அந்தஸ்தைப் பெற்ற மார்க்கிஷ் புக்ஹோல்ட்ஸில் இருப்பவர் 800 பேர் அளவினர். நம் ஊரில் ஒரு தெருவுக்குச் சமமான தொகை அது.

இந்நிலம் பனியால் ஆக்கப்பட்டது. ஏறத்தாழ இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவியாவிலிருந்து இறங்கிவந்த மாபெரும் பனித்தகடு, பெர்லினுக்குச் சற்றுத் தெற்கே வந்து நின்று, பின்பு உருகிப் பின்வாங்கியபோது, உருகிய நீரெல்லாம் மேற்கு நோக்கி ஓடி இரண்டு அகன்ற பள்ளத்தாக்குகளைத் தோண்டிச் சென்றது. வடக்கிலுள்ளதில் இன்று பெர்லின் நகரம் அமர்ந்திருக்கிறது. தெற்கிலுள்ளது பாரூத் என்னும் சிற்றூரின் பெயரால் வழங்கப்படுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட மேடே டெல்ட்டோ. அம்மேட்டின் மீதுதான் ஷோனெஃபெல்ட் இருக்கிறது. பனி தன் அடியில் அரைத்துக்கொண்டுவந்த களியும் மணலும் கல்லும் கலந்த மண் ஆகையால், ஜில்லாவின் மற்றப் பாகங்களிலுள்ள வெறும் மணலைக் காட்டிலும் இங்கே விளைச்சல் மேல். டெல்ட்டோவில் கிராமங்கள் நெருங்கியும், தெற்கே பைன் மரக்காடுகளுக்கிடையே கிராமங்கள் சிதறியும் காணப்படுவதற்கு இதுவே ஆதிகாரணம்.

இதை நூலில் படித்தறிவதைவிட நேரில் கண்டறிவது எளிது. இப்பக்கத்துப் பழைய தேவாலயங்களில் ஏதேனும் ஒன்றன் சுவரருகே சென்று நில்லுங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி, உழவர் தம் வயல்களிலிருந்து பெயர்த்தெடுத்த கற்களைப் பிளந்து, சதுரமாகக் கொத்தி, வரிசை பிறழாமல் அடுக்கிய சுவர் அது. ஒரு கல் செந்நிறமாய் மின்னும். அடுத்தது சாம்பல் நிறத்தில் வரிவரியாக ஓடும். அதற்கடுத்தது கருமையில் பச்சை கலந்து தோன்றும். ஒன்றேனும் இவ்வூர்ப் பாறை அன்று. இவ்வூரில் பாறையே இல்லை. ஸ்வீடனிலும் பால்டிக் கடலின் அடித்தளத்திலும் பிறந்து, பனியின் முதுகிலேறி இங்கு வந்து சேர்ந்த கற்களே அவை. இந்நாட்டின் முதல் குடியேறிகள் என்று அவற்றைச் சொல்லலாம்.

மழையோ சொற்பம். ஆண்டொன்றுக்கு 550 முதல் 600 மில்லிமீட்டர் வரையே பெய்கிறது. வானம் பார்த்த பூமி என்று நாம் சொல்லும் இராமநாதபுரத்துக்கும் இதைவிட அதிகம் கிடைக்கிறது. ஆயினும் வெயில் தணிந்த நாடாகையால் நீர் விரைவில் ஆவியாவதில்லை. ஏரிகளிலும் சதுப்புகளிலும் தேங்கி நிற்கிறது. அதனால் வறட்சியும் நீர்ப்பெருக்கமும் ஒரே ஜில்லாவில் கைகோத்து நிற்பதைக் காண்கிறோம். அந்நீர்ப்பெருக்கத்தின் உச்சமே லூப்பெனைச் சூழ்ந்த ஸ்ப்ரேவால்ட். காவிரி கல்லணையைத் தாண்டியபின் பல கிளைகளாகப் பிரிந்து தஞ்சைத் தரணியை வளம்படுத்தி, முடிவில் கடலைச் சேர்கிறது அல்லவா? ஸ்ப்ரே நதியும் அவ்வாறே நூற்றுக்கணக்கான வாய்க்கால்களாகப் பிரிகிறது. ஆனால் அது பிரிவது கடற்கரையில் அன்று, உள்நாட்டின் நடுவே. பாரூத் பள்ளத்தாக்கின் பழைய தரை அவ்வளவு சமமாக இருப்பதால் ஓடுவதற்குச் சரிவின்றி நதி தயங்கிப் பரவுகிறது. பரவியபின் மீண்டும் ஒன்றுகூடிப் பெர்லினை நோக்கிச் செல்கிறது. பிரிந்த கிளைகள் கடலைக் காணாமல் மறுபடியும் ஒரே நதியாவது நம் நாட்டார்க்குப் புதுமையாகத் தோன்றும். 1991-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இப்பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்தது. வைக்கோற்போரும் வெள்ளரிக்காயும் பாலும் தட்டை ஓடங்களில் ஏறிச் சென்ற நாடு இது. ஓடக்காரர் பின்புறம் நின்று நெடுங்கழியால் ஊன்றித் தள்ளும் அவ்வோடங்கள் இன்று பெரும்பாலும் உல்லாசப் பிரயாணிகளைச் சுமக்கின்றன. வெள்ளரி மட்டும் தன் தொழிலை விடவில்லை; ஸ்ப்ரேவால்ட் ஊறுகாய் வெள்ளரிக்கு 1999 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு.

இந்நீரைப் பற்றி ஒரு கவலையையும் இங்கே சொல்லவேண்டும். ஸ்ப்ரேயின் மேற்பகுதியாகிய லௌஸிட்ஸ் பிரதேசத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பழுப்பு நிலக்கரி வெட்டப்பட்டு வருகிறது. சுரங்கம் நீரில் மூழ்காதிருக்க நிலத்தடி நீரை இறைத்து நதியில் விடுகிறார்கள். கோடையில் நதியில் ஓடும் நீரில் பெரும்பங்கு இவ்விதம் இறைத்துவிட்ட நீரே. ஜெர்மானிய அரசாங்கம் தன் சட்டப்படி 2038-க்குள் நிலக்கரியைக் கைவிடப் போகிறது. அது உலக நன்மைக்கு உகந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் இறைப்பு நின்றால் நதி மெலியும், நதி மெலிந்தால் ஸ்ப்ரேவால்டின் வாய்க்கால்களும் பெர்லினின் குடிநீரும் என்னாகும் என்பது இன்று இந்நாட்டுப் பொறியாளர்களை உறங்கவிடாத வினா. மூடிய சுரங்கங்களிலிருந்து கசியும் இரும்புச்சத்து, நதியின் மேற்பகுதியைத் துருநிறமாக்கி வருவதும் உண்டு.

இனி மக்களைப் பற்றி. ஏழாம் நூற்றாண்டு தொட்டு இங்கே வாழ்ந்தவர்கள் ஸ்லாவிய இனத்தார். செல்ஷோ, ரூடோ, லுக்கௌ, லூப்பென் என்னும் ஊர்ப்பெயர்கள் அவர்கள் இட்டவை. 1157-ஆம் ஆண்டு ஆல்பிரெக்ட் என்னும் சிற்றரசன் பிராண்டன்பர்க்கைக் கைப்பற்றி எல்லைநாடு ஒன்றை நிறுவியபின், மேற்கேயிருந்து ஜெர்மானிய உழவர்கள் கூட்டங்கூட்டமாக அழைத்துவரப்பட்டனர். பேரரசர் நான்காம் கார்ல் 1375-இல் எழுதுவித்த நிலப்பதிவேட்டில் இப்பக்கத்துக் கிராமங்கள் பல, வயல் அளவும் வரி அளவும் சகிதமாகப் பதிவாகியிருக்கின்றன. ஸ்லாவியருள் பெரும்பாலோர் காலப்போக்கில் ஜெர்மானியரோடு கலந்துவிட்டனர். ஸ்ப்ரேவால்டின் சதுப்புகளுக்குள் வாழ்ந்தவர்களோ தம் மொழியைக் காத்துக்கொண்டனர். அவர்களையே வெண்டியர் என்றும் சொர்பியர் என்றும் வழங்குகின்றனர்.

இம்மொழியின் கதையைக் கேட்கும் எந்தத் தமிழ் நெஞ்சமும் கலங்காதிருக்க இயலாது. 1660-களின் இறுதியில் இப்பகுதியை ஆண்ட சாக்ஸன் பிரபு, லூப்பெனிலிருந்த தன் திருச்சபை அதிகாரிகளின் வாயிலாக, கோயில்களில் சொர்பிய மொழி வழிபாட்டை ஒழிக்கவும் அம்மொழிச் சுவடிகளை அகற்றவும் ஆணை பிறப்பித்தான். அச்சேறியவையே மிகச் சிலவாகிய ஒரு மொழிக்குக் கையெழுத்துச் சுவடி போனால் எஞ்சுவது என்ன? எஞ்சியது மக்களின் நாவு. அந்நாவும் பள்ளிக்கூடத்தாலும் ராணுவ சேவையாலும் பின்னர் நாஜி ஆட்சியின் தடையாலும் தளர்ந்து தளர்ந்து, இன்று கீழ்ச்சொர்பியம் எனப்படும் அம்மொழியை இயல்பாகப் பேசுவோர் சில ஆயிரம் பேரே என்னும் நிலை வந்திருக்கிறது. அவர்களுள்ளும் முதியோரே மிகுதி. இன்றைய மாநில அரசியல் சட்டம் சொர்பியரின் உரிமைகளை ஏற்றுப் போற்றுகிறது. பெயர்ப்பலகைகளில் இரண்டு மொழிகளும் எழுதப்படுகின்றன. அது மெச்சத்தக்கது. வீட்டில் தாய் பேசாத மொழியைப் பலகை காப்பாற்றுமா என்பதை, பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

அதே லூப்பெனுக்கு 1669-இல் குருவாக வந்து, 1676-இல் அங்கேயே மறைந்தவர் பவுல் கெர்ஹார்ட். ஜெர்மானியக் கிறிஸ்தவ பக்திப்பாடலாசிரியருள் இவரினும் கீர்த்தி பெற்றவர் மிகச் சிலரே. பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடிக்கும் சென்னை வேப்பேரிக்கும் வந்த ஃபப்ரீஸியுஸ் முதலிய லுத்தரன் பாதிரிமார்கள் ஜெர்மானிய ஞானப்பாட்டுக்களைத் தமிழாக்கினார்கள். அவ்வழியே கெர்ஹார்ட்டின் பாடல்களும் தமிழில் புகுந்து, இன்றும் நம் லுத்தரன் ஆலயங்களில் துக்கவெள்ளியன்று பாடப்படுகின்றன. சொர்பியரின் வழிபாட்டு மொழியை அடக்கிய ஊரிலிருந்த கவிஞர் ஒருவரின் பாட்டு, கடல் கடந்து தமிழ் மொழியில் வாழ்கிறது என்பது நினைக்க நினைக்க வியப்பூட்டும் செய்தி.

1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் பிராண்டன்பர்க்கின் ஜனத்தொகையில் ஏறத்தாழ ஒரு பாதியை விழுங்கிற்று. படைகளின் வாளுக்கு இரையானவர்களினும் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் இரையானவர் அதிகம். வெறிச்சோடிய நிலத்துக்கு உழவரும் கைவினைஞரும் வேண்டுமென்று அரசர்கள் அயல்நாட்டாரை வரவேற்றனர். பிரான்ஸில் துரத்தப்பட்ட புரொட்டஸ்டன்டுகளுக்கு 1685-இல் போட்ஸ்டாம் கட்டளையின் மூலம் அடைக்கலம் கொடுத்ததும், சுமார் 20,000 பேர் வந்து சேர்ந்ததும் சரித்திரப் பிரசித்தம். அகதிகளை ஏற்பது இந்நாட்டுக்கு நேற்று வந்த பழக்கம் அன்று.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1934-இல் ஹென்ஷெல் என்னும் நிறுவனம் ஷோனெஃபெல்டின் வயல்களை வாங்கி விமானத் தொழிற்சாலை கட்டிற்று. யுத்தகாலத்தில் கட்டாய உழைப்பாளிகள் பல நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டு அங்கே வதைபட்டனர். 1945 ஏப்ரல் 22-ஆம் தேதி சோவியத் சேனை அதைக் கைப்பற்றியது. அதே வாரத்தில், ஜில்லாவின் நடுவிலுள்ள ஹால்பெ என்னும் சிற்றூரைச் சுற்றிய காடுகளில் ஜெர்மானியரின் ஒன்பதாம் படை சூழ்ந்துகொள்ளப்பட்டு அழிந்தது. அவ்வூர் மயானத்தில் 20,000-க்கும் மேற்பட்டோர் அடக்கமாகியிருக்கின்றனர். படைவீரர் மட்டுமல்லர், ஓடிவந்த குடிமக்களும் அவர்களுள் உண்டு. உயிரோடிருப்பவரைவிட மண்ணுக்குள் இருப்பவர் பன்மடங்கு மிகுந்த ஊர் அது. யுத்தம் முடிந்தபின் ஓடர் நதிக்கு அப்பாலிருந்து விரட்டப்பட்ட ஜெர்மானியர் பெருந்தொகையினராக இங்கே வந்து குவிந்தனர். 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் பறிக்கப்பட்டு நிலமற்றவர்க்கும் வந்தவர்க்கும் பங்கிடப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் அப்பங்குகள் கூட்டுப்பண்ணைகளில் கரைந்தன. 1952-இல் கிழக்கு ஜெர்மானிய அரசாங்கம் மாநிலங்களைக் கலைத்தபோது, கோனிக்ஸ் வுஸ்டர்ஹௌசன் போட்ஸ்டாம் பிரிவிலும், லூப்பெனும் லுக்கௌவும் காட்புஸ் பிரிவிலும் சேர்க்கப்பட்டன. ருஷ்யாவின் ராயோன் என்னும் சிறு நிர்வாகப் பிரிவைப் போல, கட்சியும் திட்டமும் எளிதில் எட்டக்கூடிய சிறு வட்டங்கள் வேண்டுமென்பது அன்றைய நோக்கம்.

1961 ஆகஸ்ட் 13-இல் பெர்லினைச் சுற்றி எல்லை அடைக்கப்பட்டது. ஷோனெஃபெல்டும் கிரோஸ்ஸீட்டனும் மேற்கு பெர்லினின் வேலியோரத்துக் கிராமங்கள் ஆயின. அப்பால், ஒரு கல்லெறி தூரத்தில், 1962 முதல் குரோப்பியுஸ் நகரின் அடுக்குமாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு வீடுகள் ஆயின. இப்பால் உருளைக்கிழங்கு வயல். மண் ஒன்று, மழை ஒன்று, காற்று ஒன்று. ஜனநெருக்கம் மட்டும் ஐம்பது மடங்கு நூறு மடங்கு வேறு. பூகோள நூல்கள் ஜனநெருக்கத்துக்குக் காரணமாக நதியையும் மண்ணையும் தட்பவெப்பத்தையும் சொல்லும். இங்கே ஒரு முள்வேலியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வேலி இருந்த தடத்தில் இன்று மிதிவண்டிப் பாதை செல்கிறது. அதில் நடந்தால் ஒரு கண்ணுக்கு மாடிக்கட்டடமும் மறுகண்ணுக்கு வயலும் இன்றைக்கும் தெரியும்.

அந்த வேலியின் காலத்தில்தான் நம்மவர் இவ்வூருக்கு வந்தனர். 1983 ஜூலைக் கலவரத்தில் வீடும் உடைமையும் தீக்கிரையாகி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இலங்கையிலிருந்து புறப்பட்ட தமிழருள் ஆயிரக்கணக்கானோர், மாஸ்கோ வழியாகப் பறந்து ஷோனெஃபெல்டில் இறங்கினர். கிழக்கு ஜெர்மனி அவர்களுக்குக் கடந்துசெல்லும் விசா மாத்திரம் கொடுத்தது. பிரீட்ரிக் வீதி நிலையத்தில் ரயில் மாறினால் மேற்கு பெர்லின். அந்த எல்லையை எல்லையென்று மேற்கத்திய அரசாங்கம் ஒப்புக்கொள்ளாததால், அப்பக்கத்தில் கடவுச்சீட்டைக் கேட்பவர் இல்லை. ஏஜென்சிக்காரர் சொல்லிக்கொடுத்ததை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, மொழி தெரியாமல், குளிர்தாங்கும் உடையின்றி அந்த ரயிலில் அமர்ந்திருந்தவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். மேற்கு ஜெர்மனியின் வற்புறுத்தலால் 1985-இல் தமிழருக்கும், 1986-இல் மற்ற நாட்டாருக்கும் இவ்வழி அடைபட்டது. அந்த 1986 ஆகஸ்டில், மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறிய 155 தமிழர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையருகே உயிர்காக்கும் படகுகளில் கண்டெடுக்கப்பட்டதை உலகம் அறியும். ஷோனெஃபெல்டின் ஜனத்தொகைப் பதிவேட்டிலோ, இங்கே இறங்கிக் கடந்துசென்ற தமிழருள் ஒருவர் பெயரும் இல்லை. சில மணி நேரமே தங்கியவரைப் பதிவேடு எண்ணாது.

வேலி வீழ்ந்தபின் ஜில்லாவின் வடக்கும் தெற்கும் எதிரெதிர்த் திசையில் நடந்தன. 1993 டிசம்பரில் கோனிக்ஸ் வுஸ்டர்ஹௌசன், லூப்பென், லுக்கௌ ஆகிய மூன்றும் ஒன்றாக்கப்பட்டு டாமெ-ஸ்ப்ரேவால்ட் பிறந்தது. தெற்கே கூட்டுப்பண்ணைகள் கலைந்ததும் இளைஞர் வேலை தேடி வெளியேறினர், பிறப்பு குன்றியது. வடக்கே பெர்லின்வாசிகள் தோட்டத்தோடு கூடிய வீட்டை நாடி வந்தனர். 2003 அக்டோபரில் கிரோஸ்ஸீட்டன், கீக்கபுஷ், செல்ஷோ, வால்டர்ஸ்டோர்ஃப், வாஸ்மன்ஸ்டோர்ஃப் ஆகியவை ஷோனெஃபெல்டோடு இணைந்து, 80 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இன்றைய ஊராட்சி அமைந்தது. அப்போது ஏறத்தாழ 12,000 பேர். இன்று 18,000-ஐயும் கடந்துவிட்டது.

வளர்ச்சியின் பெயரால் வளர்ந்த இவ்வூரின் அருகிலேயே ஒரு கிராமம் மறைந்தது. டீப்பன்ஸே என்னும் அது புதிய விமான நிலையத்தின் எல்லைக்குள் அகப்பட்டதால், அங்கே வாழ்ந்த முந்நூற்றுச் சொச்சம் பேர் கோனிக்ஸ் வுஸ்டர்ஹௌசனின் ஓரத்தில் புதிதாகக் கட்டப்பட்ட, அதே பெயர் தாங்கிய குடியிருப்புக்கு 2004-ஐ ஒட்டிக் குடிபெயர்ந்தனர். நஷ்டஈடு கொடுக்கப்பட்டது, புதுவீடு கொடுக்கப்பட்டது, அயலார் கலையாமல் ஒன்றாகவே இடம் பெயர வழி செய்யப்பட்டது. அணைகளுக்காகவும் அனல்மின் நிலையங்களுக்காகவும் நம் நாட்டில் கிராமங்களைப் பெயர்த்த முறையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேலானது. ஆனாலும் தன் பாட்டன் உழுத நிலத்தின்மீது 4,000 மீட்டர் ஓடுபாதை நீள்வதைக் கண்ட முதியவருக்கு எந்தத் தொகை ஈடாகும் என்று எனக்குத் தெரியவில்லை. விமான நிலையமும் 2012-இல் திறக்கப்படும் என்று நாள் குறித்து, அந்நாள் தவறி, 2020 அக்டோபர் 31-இல்தான் திறக்கப்பட்டது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுள் சிலர் இவ்வூரின் புதிய குடியிருப்புகளிலேயே வீடெடுத்திருக்கிறீர்கள். பெர்லினின் பிரிட்ஸ் பகுதியிலுள்ள மயூரபதி முருகன் கோயிலுக்கு, எல்லையோரத்து ரூடோவிலிருந்து சுரங்க ரயிலில் சில நிமிஷங்களில் சென்றுவிடுகிறீர்கள். அதே பெர்லினின் எல்லையைக் கடக்க உங்களுக்கு முந்திய தலைமுறை எவ்வளவு அஞ்சிற்று என்பதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். 1983-க்கும் 1985-க்கும் இடையே ஷோனெஃபெல்டில் இறங்கிய பெரியோர்களை நான் கைகூப்பி வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. எந்த மாதம் வந்தீர்கள், எத்தனை பேராக வந்தீர்கள், கையில் என்ன காகிதம் இருந்தது, விமான நிலையத்திலிருந்து ரயிலடிக்கு எவ்வழியே நடந்தீர்கள், வழிகாட்டிய ஊரார் எவரேனும் உண்டா என்பவற்றைத் தமிழில் எழுதுங்கள். எழுத இயலாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஒன்றைச் சேர்த்து, லூப்பெனிலோ கோனிக்ஸ் வுஸ்டர்ஹௌசனிலோ ஊர்ச் சரித்திரம் தொகுப்போரிடம் ஒப்படையுங்கள். டீப்பன்ஸே மக்களின் ஞாபகங்களையும் சொர்பியரின் சுவடிகளையும் சேகரித்து வைப்பவர்கள் இதை வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள்.